கல்லாப் பெட்டிக்கு மேல் தொங்கும் சரித்திரம்

மதுரையில் மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் ஐம்பது வருடம் தாண்டிய எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு மேலே பெரும்பாலும் மூன்று படங்கள் இருக்கும். ஒன்று மீனாட்சியம்மன். இன்னொன்று கடையை ஆரம்பித்து வைத்த பெரியவர். மூன்றாவது, கடைத் திறப்பு விழாவிலோ ஆயுத பூஜையிலோ எடுத்த குரூப் போட்டோ. முதல் இரண்டுக்கும் தினசரி பூச்சரமும் சந்தனப் பொட்டும் உண்டு. மூன்றாவதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கடைக்கு மார்பிள் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, ஏசி மாட்டும்போது அது பரணுக்குப் போகிறது. பரணையும் எடுத்துவிட்டால் பழைய பேரேடுகளோடு சேர்த்து எடைக்குப் போய்விடுகிறது.

அந்த மூன்றாவது படத்தை எப்படிப் படிப்பது, எப்படிப் பாதுகாப்பது, அதை வைத்து நமது ஊரின் கதையை எப்படித் தெரிந்துகொள்வது என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம். "வியாபாரிக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

முதலில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். மதுரைக்குப் பழைய புகைப்படங்கள் குறைவில்லை. போட்டோ என்ற கலையே பிறந்து இருபது வருடம் ஆகாத காலத்தில், 1858-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நமது ஊர் விரிவாகப் படம் பிடிக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் லினேயஸ் டிரைப் என்ற இராணுவ கேப்டன். கம்பெனி அரசாங்கம் அவரைச் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. பெட்டி பெட்டியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது நமது ஊருக்கு இரயில் கிடையாது. அது வந்தது 1875-ல்தான். பெரியாறு அணைத் தண்ணீரும் கிடையாது, அது 1895. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம், வைகையின் குறுக்கே போட்டிருந்த கல்பாதை என்று வரிசையாக எடுத்திருக்கிறார். மதுரைப் படங்கள் மட்டும் நான்கு தொகுதிகளாக அதே வருடம் வெளியாயின. செலவு அதிகம் என்று புதிய கவர்னர் டிரெவெல்யன் 1859-ல் கையை இறுக்கிப் பிடித்ததால் அந்த வேலை நின்று போயிற்று. பத்து வருடம் கழித்து லயன் என்ற இன்னொரு கேப்டன் வந்து மறுபடியும் எடுத்தார். இந்தப் படங்களில் பல இன்று லண்டன் அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. கம்ப்யூட்டரில் இலவசமாகவே பார்க்கலாம். பேரப் பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

நாமும் பார்த்தோம். பார்த்தவுடன் முதலில் தோன்றியது ஆச்சரியம். அடுத்தது ஒரு குறை. ஊரில் ஒரு மனிதரையும் காணோம்!

புது மண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரப் படத்தைப் பாருங்கள். நமக்குத் தெரிந்த புது மண்டபம் எது? தையல் மிஷின் சத்தம், வளையல் சரம், பித்தளைப் பாத்திரம், பஞ்சாங்கமும் பாடப் புத்தகமும் அடுக்கிய கடைகள், குங்குமக் கடை வாசனை. படத்திலோ தூண், தூண், மறுபடியும் தூண். அதை வைத்து 1858-ல் அங்கே வியாபாரமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டிரைப் உபயோகித்தது மெழுகு பூசிய காகித நெகடிவ். ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில்கூட ஆகும். நடந்து போகிறவர் அதில் விழவே மாட்டார். கொஞ்சம் நின்று போனவர் புகை மாதிரித் தெரிவார். அதோடு, அரசாங்கம் கேட்டது கட்டடங்களின் படம். வேலைக்கு இடைஞ்சலான ஆட்களை யாரும் நிற்க விடுவதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காகித நெகடிவில் வானம் வெறுமையாக விழும். ஆகவே டிரைப் சில படங்களில் மேகத்தைத் தூரிகையால் தானே தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஆக, படம் பொய் சொல்லாது என்பார்களே, அதைச் சற்று யோசித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சரக்கைப் பார்த்து, கையில் அள்ளிப் பார்த்து, அடி மூட்டையையும் குத்திப் பார்த்து வாங்குகிற நமக்கு இது புதிதல்ல.

வைகைக் கல்பாதைப் படம் நம்மைப் போன்றவர்கள் அதிக நேரம் பார்க்க வேண்டிய படம். ஏ.வி. பாலம் 1889-ல்தான் திறக்கப்பட்டது. அதுவரை வடக்கேயிருந்து வந்த சரக்கு வண்டி ஒவ்வொன்றும் ஆற்றுக்குள் இறங்கித்தான் ஊருக்குள் வந்தது. வெள்ளம் வந்தால் வண்டி அக்கரையில். விலை இக்கரையில் ஏறும். எங்கள் பாட்டனார் காலத்துப் பெரியவர்கள் "ஆறு விட்டுதா?" என்று கேட்பார்களாம். ஆற்றில் தண்ணீர் வடிந்ததா, சரக்கு வந்ததா என்பது அதன் பொருள். பாலம் வந்து பல வருடங்களுக்குப் பிறகும் மண்டிகளில் லாரி தாமதமானால் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நமது தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். லண்டனில் இருக்கும் படத்துக்குக் கீழே இந்த வார்த்தை இல்லை. அது நமது மண்டித் திண்ணையில்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் படம் பேச ஆரம்பிக்கிறது.

தெருப் பெயர்களும் அப்படித்தான். நாம் தினமும் பில்லில் அச்சடிக்கிற முகவரியை ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்பதில்லை. வெளி வீதி என்றால் எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. நாயக்கர் காலத்து மதுரையைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. பிளாக்பர்ன் என்ற கலெக்டர் 1830-40களில் அந்தச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தார். அந்த வேலையில் சர்வேயராக இருந்தவர் மாரெட். மேஸ்திரியாக நின்று வேலை வாங்கியவர் பெருமாள். மாரெட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இருவர் பெயரும் இன்றும் நமது லெட்டர் பேடுகளில் இருக்கின்றன. ஒரு வெள்ளைக்கார சர்வேயரும் ஒரு தமிழ் மேஸ்திரியும் சரிசமமாகப் பக்கத்துப் பக்கத்து வீதிகளுக்குப் பெயர் தந்தது வேறு ஊர்களில் அரிது என்றே நினைக்கிறோம். பிளாக்பர்னுக்கு நன்றியாக எழுப்பிய தூண்தான் நமது விளக்குத்தூண். டிரைப் அதையும் எடுத்திருக்கிறார். அவர் வந்தபோது தூண் எழுப்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றைக்கு ஜவுளிக் கடை போர்டுகளுக்கு நடுவே அதைத் தேடிப் பார்க்க வேண்டும். நவபத்கானா தெருவில் ஜவுளி மூட்டை இறக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது அரண்மனை மேளக்காரர்கள் வாசித்த இடத்தின் பெயர் என்று தெரியும்? எழுகடல் தெருவில் கடல் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், அங்கே எழுகடல் என்ற குளம் இருந்ததையும், அது தூர்ந்து கடைகளாகிவிட்டதையும் சொல்ல இன்று ஆள் வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அரசாங்கமும் வெள்ளைக்காரர்களும் சேர்த்து வைத்த படங்களின் பக்கம். அவற்றில் கோயிலும் அரண்மனையும் உண்டு, கடை இல்லை. இந்த ஊர் எப்படி விற்றது, வாங்கியது, தூக்கியது, எடை போட்டது என்பதெல்லாம் நமது சுவர்களில் தொங்கிய படங்களில்தான் இருக்கிறது. அவற்றை எப்படிப் படிப்பது என்று இனிப் பார்ப்போம்.

கடைப் படம் கையில் கிடைத்ததும் முதல் கேள்வி, எந்த வருடம் என்பது. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், தேதி இருக்காது. அதனால் மனம் தளர வேண்டாம். வியாபாரிக்குத் தெரிந்த அடையாளங்களே போதும். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். "மதுரை-1" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பின்கோடு வருவதற்கு முந்தையது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 625 001 என்றிருந்தால் நிச்சயம் அதற்குப் பிந்தையது. "லை", "னை", "ணை" ஆகிய எழுத்துக்கள் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருட்டி எழுதப்பட்டிருந்தால் 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: நமது ஆட்கள் பழைய போர்டை இலேசில் மாற்ற மாட்டார்கள். 1990-லும் பழைய தும்பிக்கை போர்டு தொங்கிய கடைகளை நாமே பார்த்திருக்கிறோம். விற்பனை வரி எண் எழுதியிருந்தால் அது இன்னும் நல்ல சாட்சி. நமது மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல்தான். ஆகவே டி.என்.ஜி.எஸ்.டி. என்ற எழுத்துக்கள் அதற்கு முந்தைய படத்தில் இருக்க முடியாது. டின் நம்பர் என்றால் வாட் வந்த 2007-க்குப் பிறகு. பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் என்றால் 2017 ஜூலைக்குப் பிறகு. அதை நீங்களே எடுத்திருப்பீர்கள்!

அடுத்து விலைப் பலகை. அணாவா, நயா பைசாவா? தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. "நயா" என்ற சொல் 1964-ல் விடப்பட்டது. அதற்கும் அடுத்து எடைக்கல். வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1956-ல் சட்டம் வந்து, 1958-ல் அமலுக்குத் தொடங்கி, 1962 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. நடுவில் சில வருடம் இரண்டு கல்லும் கடையில் இருந்தன. ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். கணக்குத் தெரியாத வாடிக்கையாளரும், கணக்கு நன்றாகத் தெரிந்த சில்லறைக் கடைக்காரரும் அந்த வருடங்களில் பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைக்குப் பக்கத்துச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். மதுரைச் சுவரில் சினிமா போஸ்டர் இல்லாத நாள் ஏது? தங்கம் தியேட்டரில் பராசக்தி போஸ்டர் தெரிந்தால் அது 1952 தீபாவளிக்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்தத் தியேட்டரும் இன்று இல்லை. அந்த இடத்தில் பெரிய துணிக்கடை நிற்கிறது.

பேரேடு இருக்கும் கடைக்காரர்கள் பாக்கியசாலிகள். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கணக்கில் தமிழ் வருடம்தான் போட்டிருப்பார்கள். சர்வசித்து வருடம் சித்திரை மாதம் புதுக்கணக்கு என்று இருந்தால் அது 1947. ஆனால் அறுபது வருடத்திற்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்; 1887-ம் சர்வசித்துதான், 2007-ம் சர்வசித்துதான். காகிதத்தையும், அணா பைசாக் கணக்கையும், சரக்குகளின் பெயரையும் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க வேண்டும். கடைப் பத்திரத்தின் நான்கெல்லையும் இதற்கு உதவும். "இன்னார் எண்ணெய்க் கடைக்குக் கிழக்கு, இன்னார் வைக்கோல் பேட்டைக்குத் தெற்கு" என்று எழுதியிருப்பார்கள். எண்ணெய்க் கடையும் போய் வைக்கோல் பேட்டையும் போன பிறகும் அந்த வரி நிற்கிறது. படத்தின் ஓரத்தில் பாதி மட்டும் தெரிகிற பக்கத்துக் கடை யாருடையது என்பது இப்படித்தான் தெரியவரும்.

இனி மனிதர்கள் சொல்லும் கதைக்கு வருவோம். இதில் நிதானம் தேவை. நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக் குடும்பத்தில், கடை முழுவதும் காகிதத் தோரணமும் மூவர்ணக் கொடியும் கட்டிய படம் ஒன்று இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று எடுத்தது என்பது அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக வேதவாக்கு. பெரிதாக்கிப் பார்த்தபோது வாசல் சிலேட்டில் துவரம்பருப்பு விலை "ந.பை." என்று எழுதியிருந்தது. அப்படியானால் 1957-க்குப் பிறகுதான். வீட்டில் இளையவர்களுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப தாத்தா சொன்னது பொய்யா?" என்றார்கள். எண்பது தாண்டிய அத்தை ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். நாற்பத்தேழிலும் தோரணம் கட்டியது உண்மை, கற்கண்டு வழங்கியது உண்மை. ஆனால் அன்றைக்கு ஸ்டுடியோக்காரருக்கு ஊரெல்லாம் கிராக்கி, இவர்கள் கடைக்கு வரவேயில்லை. அந்த ஏக்கத்தில்தான் பிறகு ஒரு சுதந்திர தினத்துக்கு அதேபோல் கட்டி, ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்து எடுத்தார்களாம். ஆக, கதையும் உண்மை, படமும் உண்மை. இரண்டும் வேறு வேறு வருடத்து உண்மைகள். நமது ஆலோசனை இதுதான்: பெரியவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள், படத்தில் தெரிவதைத் தனியாக எழுதுங்கள். ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடாதீர்கள்.

இவ்வளவு அவசரமாக ஏன் சொல்கிறோம் என்றால், இடங்களே மறைந்துகொண்டு வருகின்றன. கோயிலை ஒட்டியிருந்த சென்ட்ரல் மார்க்கெட்டின் காய்கறி வியாபாரம் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது; பழைய இடத்தில் இன்று அடுக்கு மாடி வாகன நிறுத்தம். விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே கேட்ட ஏலக் குரலை அறியாத தலைமுறை வந்துவிட்டது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன, மண்டபமும் சேதமானது. அதன்பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளும் எதிரே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அந்தச் சிற்பங்களுக்கு அது நல்லது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. டிரைப் படத்தில் பார்த்த அதே வெறும் தூண்கள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் இடையில் தலைமுறை தலைமுறையாக அங்கே மிஷின் மிதித்த தையற்காரர்கள் ஊர்ச் சரித்திரத்தில் இல்லாமல் போய்விடக் கூடாது அல்லவா? சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடமிடுகிறவர்களுக்கு உடை தைத்துத் தந்தது அவர்கள் கைகள்தானே.

பணப் பிரயோஜனமும் அடியோடு இல்லையென்று சொல்ல மாட்டோம். மார்க்கெட்டை இடம் மாற்றி மாற்றுக் கடை ஒதுக்கும்போது, எத்தனை வருடமாகக் கடை நடத்துகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். வாடகை ரசீது, தொழில் உரிமம் இவற்றோடு பெயர்ப்பலகை தெரியும் படம் ஒன்று இருந்தால் பேச்சுக்குப் பலம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டு அறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருந்தால் போதும். அதை மனதில் வைத்து, ஆறு வருடம் தாண்டிய அனைத்தையும் ஆடிட்டர் சொன்னார் என்று எடைக்குப் போடுகிறோம். புதுக்கணக்குப் போட்ட முதல் நாட்குறிப்பேட்டையாவது எடுத்து வையுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நினைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். நமது கடைகளுக்குப் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டுகளைப் போன்றவர்தான். மற்றவர்கள் கழித்துப் போட்ட புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமானார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-ல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கு இன்று உலகெங்கிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். ஸ்டுடியோப் படங்களையும் சும்மா விட்டுவிடவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனாலும் முந்திக்கொண்டு அழிந்தது ஏராளம். கண்ணாடி நெகடிவ்களைக் கழுவி, வெறும் கண்ணாடியாக்கி, வேறு படத்துக்குப் பிரேம் போட உபயோகித்த காலம் ஒன்று இருந்தது. யாருடைய முகத்தைக் கழுவி யாருடைய முகத்துக்கு மேல் மாட்டினார்களோ!

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். படத்தின் பின்புறம் பால் பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சள் கறையாகிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. பத்திரமாக வைக்கிறேன் என்று லேமினேஷன் செய்தே பாழாக்கிய படங்கள் பல வீடுகளில் இருக்கின்றன. பிரேமுக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனே போதும். பிளாஷ் போடாமல், வாசல் வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறகு அந்தப் படத்தைப் பெரியவர்கள் கையில் கொடுத்து, செல்போனில் ரெக்கார்டிங்கை ஓட விட்டு, சும்மா இருங்கள். "இது எந்த வருஷம்?" என்று வக்கீல் மாதிரிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். "இந்தச் செருப்பு யாருடையது?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

முதலாளிகளை மட்டும் கேட்டால் போதாது என்பதையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கீழமாசி வீதியில் நமது வத்தல், மல்லி மண்டியில் ஓர் ஆயுத பூஜைப் படம் இருக்கிறது. தரையில் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கிய கற்களில் பழைய வட்ட வீசைக் கல்லும் புது அறுகோணக் கிலோக் கல்லும் இருப்பதால் 1958-க்கும் 1962-க்கும் இடையில் என்று கணக்கிட்டோம். நாற்காலியில் நமது பெரியப்பாவும் தகப்பனாரும் பங்காளிகளும். அவர்களுக்குப் பின்னே கணக்கப்பிள்ளைகள். கடைசி வரிசையில் தலைப்பாகையும் சாக்குக் கொக்கியுமாகப் பதினான்கு பேர் நிற்கிறார்கள். பிரேமின் அடியில் எழுதியிருந்த பெயர்கள் நாற்காலி வரிசைக்கு மட்டும்தான்.

மண்டியில் இளவயதில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவரை, எண்பத்து மூன்று வயது, அவருடைய பேரன் ஆட்டோவில் அழைத்து வந்தார். கண் மங்கல்தான். படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பதினொரு பேரின் பெயர், ஊர், யார் யாருக்கு மாப்பிள்ளை, யார் எந்த மூட்டைக்குப் பெயர் போனவர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒருவரைத் தொட்டவுடன் விரலை எடுத்துவிட்டார். "இவரு அந்த ஐப்பசியிலயே போயிட்டாரு முதலாளி. மூட்டை சரிஞ்சு விழுந்துச்சு. வீட்ல காட்டுறதுக்கு ஒரு படம்கூட இல்லேன்னு அந்தம்மா அழுதுச்சு. இதுல இருக்காருன்னு யாருக்குத் தெரியும்?" அறுபது வருடத்துக்கும் மேலாக அந்த முகம் நமது கல்லாவுக்கு மேலே இருந்திருக்கிறது. அவருடைய பேத்தி வில்லாபுரம் பக்கம் இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்து, அந்த முகத்தை மட்டும் தனியே பெரிதாக்கிப் பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பெரியவர் கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். "வத்தலுக்குக் காம்பு கிள்ளுன பொம்பளைக முப்பது பேரு பின்கட்டுல உக்காந்திருந்தாகளே, அவுகள ஏன் கூப்பிடல? எம் பொண்டாட்டியும் அதுல இருந்தா." பதில் சொல்ல நமது மண்டியில் இன்று யாரும் இல்லை. அவர் நினைவிலிருந்து சொன்ன ஒன்பது பெண்களின் பெயரைத் தனிக் காகிதத்தில் எழுதி அந்தப் படத்தின் பின்னால் வைத்திருக்கிறோம். அதற்குப் பின் இரண்டு மாதத்தில் அவரும் காலமானார்.

கடைசி வரிசையில் மூன்று பேரின் பெயர் இன்னும் தெரியவில்லை. இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக நிற்பவர், கழுத்தில் தாயத்து. ஒன்பதாவது, மீசை இல்லாத இளைஞர். பதினான்காவதாக ஓரத்தில் நிற்பவருக்கு முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. இடது கையில் பச்சை குத்தியிருப்பது தெரிகிறது. வத்தல், மல்லி, பருப்பு மண்டிகளில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அழைத்து வாருங்கள். படத்தை இறக்கி வாசலிலேயே வைத்திருக்கிறோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் லோடு குறைவு, உட்கார்ந்து பேசலாம்.